வாலாட்டி எந்த நாளில் போனது?

மார்ச் தொடங்கியதும் இந்தப் பக்கத்துக்கு வரும் கேள்விகளின் நிறமே மாறிவிடுகிறது. சில ஊர்களில் வசந்தம் என்றால் பறவை வருகிற காலம், சில ஊர்களில் புறப்படுகிற காலம். இந்த மாதம் வந்தவற்றில், வலசையைப் பார்த்து ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்கிறவர்களின் கேள்விகளை மட்டும் எடுத்துக்கொண்டேன்.

நாங்கள் ஐந்து பேர் பார்த்த பறவைகளை ஒரு வாட்சப் குழுவில் பகிர்ந்துகொள்கிறோம். முதல் தகைவிலான், முதல் வாலாட்டி என்று வந்த தேதியெல்லாம் இருக்கிறது. போன தேதி மட்டும் ஒருவரிடமும் இல்லை. அதை எப்படிக் குறிப்பது?

பல வருடமாக என்னை அரித்துக்கொண்டிருக்கும் கேள்வி இது. கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

வந்த நாளைப் பிடிப்பது சுலபம். நேற்று வரை இல்லாதது இன்று கம்பியில் உட்கார்ந்திருக்கும். கண்ணில் பட்டதும் மனசு துள்ளும், கை தானாகக் கைப்பேசிக்குப் போகும். போகிற பறவை சொல்லிக்கொண்டு போவதில்லை. இன்று காலை பார்த்த வாலாட்டிதான் இந்தப் பருவத்தின் கடைசி வாலாட்டி என்பது இன்றைக்குத் தெரியாது. பத்து நாள் கழித்து, "அட, இப்போதெல்லாம் காணோமே" என்று தோன்றும்போது, கடைசியாக எப்போது பார்த்தோம் என்று நினைவில் தேடுவோம். நினைவு அந்த நேரத்தில் உதவவே உதவாது.

என் குறிப்பேட்டிலிருந்து நான்கு வரி தருகிறேன். நான் வழக்கமாகப் போகும் ஏரிக்கரை, மஞ்சள் வாலாட்டி.

ஏப்ரல் 14: 11. கரையோரப் புல்லில். தலையில் நிறம் நன்றாக ஏறியவை 7.
ஏப்ரல் 15: 9.
ஏப்ரல் 16: 2. இரண்டும் சேர்ந்தே மேய்ந்தன.
ஏப்ரல் 21: இல்லை.

நடுவில் நான்கு நாள் காய்ச்சலில் படுத்துவிட்டேன். அந்த இரண்டு வாலாட்டிகள் 16-ஆம் தேதி இரவே கிளம்பினவா, 20-ஆம் தேதி வரை இருந்தனவா? தெரிந்துகொள்ள வழியில்லை. இதில் மனசை வருத்தும் விஷயம் ஒன்று உண்டு. எங்கள் குழுவில் ஒருவர் 18-ஆம் தேதி அதே கரைக்குப் போயிருந்தார். மீன்கொத்தியைப் படம் எடுக்கப் போனவர். வாலாட்டி இருந்ததா என்று கேட்டேன். "கவனிக்கவில்லையே" என்றார். அவர் மேல் எந்தத் தப்பும் இல்லை. "வாலாட்டி இல்லை என்றாலும் எழுதுங்கள்" என்று நாங்கள் யாருமே ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டதில்லை. சொல்லியிருந்தால் அந்த ஐந்து நாள் இடைவெளி இரண்டு அல்லது மூன்று நாளாகச் சுருங்கியிருக்கும்.

ஆக, உங்கள் ஐந்து பேருக்கும் நான் சொல்வது இதுதான். ஒரே இடத்தைத் தேர்ந்தெடுங்கள். நாளைப் பங்கு போட்டுக்கொள்ளுங்கள்: உங்களுக்குத் திங்கள், இன்னொருவருக்குச் செவ்வாய் என்று. மூன்றே மூன்று வலசை இனங்களை முடிவு செய்துகொண்டு, போகிறவர் அந்த மூன்றுக்கும் எண்ணிக்கை போட வேண்டும். பூச்சியமானால் பூச்சியம். கூடவே எத்தனை மணிக்கு ஆரம்பித்து எத்தனை மணிக்கு முடித்தார் என்பதும் வேண்டும். "6.10 முதல் 7.05 வரை தேடினேன், இல்லை" என்பது ஒரு செய்தி. "பார்க்கவில்லை" என்று மட்டும் எழுதினால், தேடினாரா, அந்தப் பக்கம் பார்வையே போகவில்லையா என்று யாருக்கும் தெரியாது.

பார்த்த பறவைகளைப் பதிவு செய்யும் இ-பேர்டு செயலியில் பட்டியல் ஏற்றும்போது, அடையாளம் கண்ட எல்லாப் பறவைகளையும் சேர்த்துவிட்டீர்களா என்று ஒரு கேள்வி வரும். பலர் அதை அவசரத்தில் தட்டிவிட்டுப் போகிறார்கள். அந்தக் கேள்விக்கு "ஆம்" என்று உண்மையாகச் சொன்னால்தான், பட்டியலில் இல்லாத பறவையை "அன்று அவர் கண்ணில் படவில்லை" என்று எடுத்துக்கொள்ள முடியும். நான்கு அழகான பறவைகளை மட்டும் ஏற்றிவிட்டு "ஆம்" என்றால், நாற்பது பறவைகளை இல்லை என்று சொன்னது போலாகிவிடும். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள்.

செயற்கைக்கோள் கருவி பொருத்திப் பறவையின் பயணத்தையே பின்தொடர்கிறார்கள். நாங்கள் நோட்டில் எழுதும் தேதிக்கு இனி என்ன மதிப்பு?

அந்தக் கருவிகள் காட்டியவற்றைப் படித்தால் எனக்கு இன்னும் உடம்பு சிலிர்க்கிறது. 2022 அக்டோபரில் அலாஸ்காவிலிருந்து புறப்பட்ட பட்டைவால் மூக்கன் என்ற கரைப்பறவை ஒன்று, எங்கும் இறங்காமல் 11 நாள் பறந்து டாஸ்மேனியா சேர்ந்தது. 13,560 கிலோமீட்டர். பிறந்து ஐந்து மாதமே ஆன பறவை. மங்கோலியாவில் கருவி பொருத்தப்பட்ட 'ஓனான்' என்ற குயில், ஜாம்பியாவில் குளிர்காலத்தைக் கழித்துவிட்டு 2020 வசந்தத்தில் ஏறக்குறைய 12,000 கிலோமீட்டர் பறந்து மங்கோலியாவுக்கே திரும்பியது.

ஆனால் கருவி சொல்வது அந்த ஒரு பறவையின் கதையை. ஓர் இனம் மொத்தமும் ஓர் இடத்தை விட்டு எப்போது கிளம்புகிறது, இருபது வருடம் முன்பு எப்போது கிளம்பியது என்பதற்குப் பலர் பல இடங்களில் எழுதிய தேதிகள் வேண்டும்.

அமெரிக்காவில் வெல்ஸ் குக் என்ற ஆசிரியர் 1881-இல் தனக்குத் தெரிந்த பறவை ஆர்வலர்களிடம் வசந்தத்தில் பறவை வந்த தேதிகளைக் கேட்டு வாங்க ஆரம்பித்தார். அது அப்படியே வளர்ந்து 1970 வரை நடந்தது. சேர்ந்த அட்டைகள் ஏறக்குறைய 60 லட்சம். அந்த அட்டைகளில் என்ன கேட்டிருந்தார்கள் தெரியுமா? முதலில் பார்த்தது எப்போது, அடுத்துப் பார்த்தது எப்போது, பரவலாகத் தென்பட ஆரம்பித்தது எப்போது, கடைசியாகப் பார்த்தது எப்போது. அந்த இரண்டாவது கேள்வியைப் பாருங்கள். வழி தவறி முன்கூட்டியே வந்த ஒற்றைப் பறவையையும், வலசை உண்மையிலேயே தொடங்கியதையும் பிரித்துக் காட்டுவது அதுதான். எவ்வளவு யோசித்துக் கேட்டிருக்கிறார்கள்! பல வருடம் அலமாரிகளில் கிடந்த அந்த அட்டைகளை இந்த நூற்றாண்டில் படமெடுத்து, தன்னார்வலர்கள் வீட்டில் உட்கார்ந்து கணினியில் ஏற்றினார்கள். மங்கிப்போன மையில், அறியாத ஒருவர் எழுதிய "கடைசியாகப் பார்த்தது" என்ற தேதிக்கு அப்படித்தான் மறுபடி உயிர் வந்தது.

இங்கிலாந்தில் ராபர்ட் மார்ஷம் இன்னும் முன்னோடி. 1736-இல் ஆரம்பித்து, தகைவிலானும் குயிலும் வந்த நாள், மரம் துளிர்த்த நாள் என்று வசந்தத்தின் அறிகுறிகளைக் குறித்துவந்தார். அவருக்குப் பின் அவருடைய குடும்பத்தார் தலைமுறை தலைமுறையாக 1958 வரை தொடர்ந்தார்கள்.

இதெல்லாம் எதற்குப் பயன்படுகிறது என்றால், நெதர்லாந்து ஓக் காடுகளில் கூடு கட்டும் ஒரு கறுப்பு வெள்ளை ஈப்பிடிப்பானின் கதையைச் சொல்ல வேண்டும். அது குளிர்காலத்தை மேற்கு ஆப்பிரிக்காவில் கழிக்கிறது. வசந்தம் சீக்கிரம் சூடாக ஆரம்பித்ததால் ஓக் மரத்தில் புழுக்கள் பெருகும் நாள் முன்னால் நகர்ந்துவிட்டது. பறவை வந்து சேரும் நாள் அந்த அளவுக்கு நகரவில்லை. குஞ்சு வாயைத் திறக்கும்போது புழுவின் உச்சம் முடிந்துபோகிறது. இந்தப் பொருந்தாமை அதிகமாக இருந்த காடுகளில் இந்த ஈப்பிடிப்பான் வெகுவாகக் குறைந்தும் போனது. பறவையின் தேதியும் புழுவின் தேதியும் வருடா வருடம் எழுதி வைக்கப்பட்டிருந்ததால்தான் இது வெளியே தெரிந்தது.

ஆயிரக்கணக்கில் போகும்போது எண்ணுவது எப்படி? நான் "பெருங்கூட்டம்" என்று எழுதிவிடுகிறேன்.

அப்படி எழுதாதீர்கள். உங்கள் பெருங்கூட்டம் இருநூறாக இருக்கலாம், என்னுடையது ஐயாயிரமாக இருக்கலாம்.

முதலில் ஓர் ஓரத்தில் பத்துப் பறவையை ஒவ்வொன்றாக எண்ணுங்கள். அந்தப் பத்து எவ்வளவு இடத்தை அடைக்கிறது என்று கண்ணில் பதித்துக்கொண்டு, பத்து பத்தாக நகருங்கள். கூட்டம் பெரிதென்றால் ஐம்பது, நூறு என்று கட்டம் கட்டுங்கள். நடுவில் நெருக்கமாகவும் ஓரத்தில் சிதறியும் இருக்கும் என்பதால், கட்டத்தின் அளவை இடத்துக்குத் தகுந்தபடி மாற்ற வேண்டும். முடிந்தால் இரண்டு பேர் தனித்தனியாக எண்ணிவிட்டு, எண்ணிய பிறகு பேசிக்கொள்ளுங்கள். முன்னாலேயே ஒருவர் "ஆயிரம் இருக்கும்" என்று சொல்லிவிட்டால் மற்றவர் கண்ணுக்கும் ஆயிரம்தான் தெரியும். மதிப்பீடு என்றால் மதிப்பீடு என்றே எழுதுங்கள், அதில் குறை ஒன்றும் இல்லை.

குளிர்காலம் முழுக்கச் சாம்பல் நிறமாக இருந்த கரைப்பறவைகள் இப்போது செங்கல் நிறமாகத் தெரிகின்றன. வேறு இனம் வந்துவிட்டதா?

அதே பறவைகள்தான். கூடு கட்டப் போவதற்கு முன் இறகை மாற்றிக்கொள்கின்றன. கருவால் மூக்கனுக்குக் கழுத்தும் மார்பும் செங்கல் நிறமாகும். பொன்னிற உப்புக்கொத்திக்கு முகத்திலிருந்து வயிறு வரை கறுப்பு ஏறும். இந்த மாற்றம் எல்லாப் பறவைக்கும் ஒரே நாளில் நடக்காது. போன ஏப்ரலில் ஓர் உப்புக்கொத்தியை ஸ்கோப்பில் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். வெளிர் வயிற்றில் அங்கங்கே மைத்துளி தெறித்தது போலக் கறுப்பு இறகுகள். மூன்று அடி ஓடும், நிற்கும், தலையைச் சாய்த்துச் சேற்றைப் பார்க்கும், சட்டென்று குத்தும். பக்கத்திலேயே இன்னொன்று, வயிறு முழுக்கக் கறுத்து, வெயிலில் பளபளத்தது. வயிறு கனத்து நடையே மாறியிருந்தது. நீண்ட பயணத்துக்கு முன் இவை கொழுப்பைச் சேர்த்துக்கொள்கின்றன. சில சிறிய வலசைப் பறவைகளின் எடை இரண்டு மடங்கை நெருங்கிவிடும்.

குறிப்பில் எண்ணிக்கையோடு "நிறம் மாறியவை இத்தனை" என்று ஒரு வார்த்தை சேருங்கள். யார் முதலில் கிளம்பப்போகிறார்கள் என்று ஊகிக்க அது உதவும்.

புறப்பட வேண்டிய நாள் பறவைக்கு எப்படித் தெரிகிறது?

பகலின் நீளம் மாறுவதை அவற்றின் உடல் உணர்கிறது. பகல் நீளம் அதிகம் மாறாத நிலநடுக்கோட்டுப் பகுதியில் இருப்பவற்றுக்கு? உள்ளுக்குள்ளேயே ஆண்டுக் கடிகாரம் ஒன்று ஓடுகிறது. ஜெர்மனியில் எபர்ஹார்ட் குவின்னர் கதிர்க்குருவிகளை வெளிச்சமும் வெப்பமும் மாறாத அறையில் வளர்த்துப் பார்த்தார். வலசைக் காலம் வந்ததும் அவை இரவில் தூங்காமல் கூண்டுக்குள் படபடத்தன. கிளம்பும் காலத்தை இந்தக் கடிகாரம் சொல்கிறது. குறிப்பாக எந்த இரவு என்பதைக் காற்றும் வானிலையும் உடம்பில் சேர்ந்த கொழுப்பும் முடிவு செய்கின்றன.

வெளிறிய பூனைப்பருந்து பார்த்ததாகக் குழுவில் எழுதினேன். மூன்று பேர் படம் எங்கே, கழுத்தைப் பார்த்தீர்களா என்று துருவினார்கள். பொய் சொல்கிறேன் என்று நினைக்கிறார்களா? அதற்குப் பின் நான் எதையும் பகிர்வதில்லை.

உங்கள் வருத்தம் எனக்குப் புரிகிறது. நானும் அப்படி ஒதுங்கியிருந்த காலம் உண்டு. ஆனால் அந்தக் கேள்வி உங்களைப் பற்றியது இல்லை, பறவையைப் பற்றியது. வெளிறிய பூனைப்பருந்தையும் மாண்டேகு பூனைப்பருந்தையும் இளம் பருவத்தில் பிரிப்பது பழகிய கண்ணுக்கே சிரமம். வெளிறியதில் கன்னத்துக் கருமைக்குப் பின்னால் கழுத்தைச் சுற்றி ஒரு வெளிர் பட்டை தெளிவாகத் தெரியும். மற்றதில் அது தெளிவாக இருக்காது. அதனால்தான் கழுத்தைக் கேட்டார்கள். அவர்கள் இன்னும் கொஞ்சம் இதமாகக் கேட்டிருக்கலாம் என்பதும் உண்மை. "நல்ல பறவை பார்த்திருக்கிறீர்கள், கழுத்து தெரிந்ததா?" என்று ஆரம்பித்திருந்தால் நீங்கள் இன்று எனக்கு எழுத வேண்டி வந்திருக்காது.

இனிமேல் பெயரை எழுதும் முன் பார்த்ததை எழுதுங்கள். "சோளக்காட்டின் மேல் தாழ்வாக, இறக்கையை மேல்நோக்கி வைத்து மிதந்தது. வாலடி வெள்ளை. கழுத்து தெரியவில்லை. பத்து விநாடி." இந்த நான்கு வரியை யாரும் மறுக்க முடியாது. பெயர் "பூனைப்பருந்து, இனம் உறுதியில்லை" என்று இருந்தால் போதும். சந்தேகத்தைச் சேர்த்து எழுதுகிறவரின் குறிப்பைத்தான் நான் அதிகம் நம்புகிறேன். தயவுசெய்து மறுபடி பகிர ஆரம்பியுங்கள். மூன்று பேர் துருவிக் கேட்ட அந்தப் பருந்தை வேறு யாருமே பார்க்காமல் இருந்திருக்கலாம்.

காலில் நிறப் பட்டை கட்டிய ஓர் உள்ளானைப் பார்த்தேன். என்ன செய்ய வேண்டும்?

முதலில் அசையாமல் நின்று எல்லாவற்றையும் எழுதிக்கொள்ளுங்கள்: என்ன நிறம், மேலே எது கீழே எது, முட்டிக்கு மேலா கீழா, எந்தக் கால், எழுத்து இருக்கிறதா. வலது கால் என்றால் பறவையின் வலது. நம்மை நோக்கி நிற்கும்போது அது நமக்கு இடப்பக்கம் தெரியும். பல வருடம் முன்பு நான் மஞ்சளும் வெள்ளையும் தெளிவாகப் பார்த்துவிட்டு, எது மேலே என்று எழுதாமல் வந்துவிட்டேன். வீட்டுக்கு வந்து கண்ணை மூடி எவ்வளவு யோசித்தும் பயனில்லை. கிழக்காசியா முதல் ஆஸ்திரேலியா வரையிலான வலசைப் பாதையில் ஒவ்வோர் இடத்துக்கும் ஒரு நிறச் சேர்க்கை ஒதுக்கியிருக்கிறார்கள். மேல் கீழ் மாறினால் பறவையின் ஊரே மாறிவிடும்.

எழுதியதை உங்கள் நாட்டில் பறவைகளின் காலில் அடையாள வளையம் மாட்டும் திட்டத்துக்கு அனுப்புங்கள். அந்தப் பறவைக்கு எங்கே, எப்போது கட்டினார்கள் என்று பெரும்பாலும் பதில் வரும்.

இந்த வழக்கத்துக்கு வித்திட்டவர் டென்மார்க்கின் விபோர்க் நகரில் ஆசிரியராக இருந்த மார்டென்சன். 1899-இல் ஸ்டார்லிங் என்ற மைனா இனப் பறவைகளின் காலில் எண் பொறித்த அலுமினிய வளையம் மாட்டினார். அதற்கும் முன்னால், 1822-இல், ஜெர்மனியில் ஒரு செங்கால் நாரை கழுத்தில் ஈட்டி பாய்ந்த நிலையில் வந்து சேர்ந்தது. ஈட்டி ஆப்பிரிக்காவில் செய்தது. நாரைகள் குளிர்காலத்தில் எங்கே போகின்றன என்ற கேள்விக்கு அந்தப் பறவை தன் கழுத்திலேயே பதிலைச் சுமந்து வந்தது. பாடம் செய்யப்பட்டு இன்றும் ரோஸ்டாக் பல்கலைக்கழகத்தில் இருக்கிறது.

கூடு இருக்கும் மரத்தையும் குழுவில் சொல்லலாமா?

வேண்டாம். ஆந்தை பகலில் அடையும் இடமும் அப்படியே. கூட்டம் கூடும், கேமரா கூடும், தாய் எழுந்து போகும், முட்டை ஆறிவிடும். பருவம் முடிந்து குஞ்சு பறந்த பிறகு சொல்லுங்கள்.

எனக்கு வயது 11. எல்லாப் பறவைகளும் போன பிறகு ஏரிக்கு எதற்குப் போக வேண்டும்?

எல்லாமே போகாது, கண்ணு. கரைப்பறவைகளில் முதல் வருடக் குட்டிகள் பல, கூடு கட்டும் வயது வராததால், அந்த வசந்தத்தில் கிளம்பாமல் குளிர்காலத்துக்கு வந்த இடத்திலேயே தங்கிவிடும். பெரியவை போன பிறகு, பெரிய கரையில் ஒன்றோ இரண்டோ தனியாக மேய்ந்துகொண்டிருக்கும். பெரியவர்கள் பலர் வலசை முடிந்தது என்று பைனாகுலரைப் பெட்டிக்குள் வைத்துவிடுவதால் அவற்றைப் பார்க்க ஆளே இருக்காது. நீ போய்ப் பார். செங்கல் நிறம் ஏறியிருக்கிறதா, சாம்பலாகவே இருக்கிறதா என்று கவனி. தேதியையும் நேரத்தையும் போடு. ஒன்றுமே இல்லை என்றாலும் போடு.

போன வருடம் என் நோட்டில் இருப்பதை உனக்காக எழுதுகிறேன். ஜூன் 9, காலை 6.20 முதல் 7.15 வரை. மஞ்சள் வாலாட்டி இல்லை. உப்புக்கொத்தி இல்லை. கருவால் மூக்கன் 1, நிறம் மாறவில்லை, முட்டளவு தண்ணீரில், தலையை முழுக்க அமிழ்த்தி மேய்ந்தது.